பாதிக் கோபுரமும் முழுக் கைப்பிடியும்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். மேகமில்லாத நீல வானம், நடுவில் ஈபிள் கோபுரம். பாளையங்கோட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்த தங்கை, "அண்ணே, இவன் பாரிஸுக்கும் போயிட்டான், பாத்தியளா!" என்று பூரித்துப் போனாள். அவன் போயிருந்தது நெவாடா பாலைவனத்தில் உள்ள சுற்றுலா நகரமான லாஸ் வேகாஸுக்கு. அங்கே 1999-இல் திறக்கப்பட்ட 'பாரிஸ்' என்னும் விடுதியின் முகப்பில் 165 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தக் கோபுரம், இன்று 330 மீட்டர் உயரமுள்ள மூலக் கோபுரத்தின் பாதியளவு நகல். தங்கை ஏமாந்ததற்கு அவளுடைய கண்ணைக் குறை சொல்ல முடியாது. உயரம் என்ற செய்தியே அந்தப் படத்தில் இல்லை.

கேமராவுக்குள் பதிவாவது உயரம் அன்று, கோணம் மட்டுமே. 330 மீட்டர் கோபுரத்தை 600 மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் அது நம் கண்ணில் ஏறத்தாழ 29 பாகைக் கோணத்தை அடைத்துக்கொள்ளும். 165 மீட்டர் கோபுரத்தை 300 மீட்டரிலிருந்து பார்த்தாலும் அதே 29 பாகைதான். ஆனித் தேரோட்டத்தின்போது தந்தையின் தோளில் அமர்ந்திருக்கும் குழந்தை தன் கையிலுள்ள பொம்மைத் தேரை முகத்துக்கு நேரே நீட்டினால், ரத வீதியில் அசைந்து வரும் நெல்லையப்பர் தேரே அதன் பின்னால் மறைந்துவிடுகிறது அல்லவா? பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணங்கள்தாம் இவை. நகலின் எல்லாப் பகுதிகளும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருந்து, கேமரா நிற்கும் தொலைவும் அதே விகிதத்தில் சுருங்கினால், இரண்டு படங்களிலும் விழும் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தும்.

இந்தக் குழப்பம் தங்கையோடு நின்றுவிடவில்லை. 2010 டிசம்பரில் அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்ட ஓர் அஞ்சல்தலையில் இருந்தது நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திர தேவி அல்லள். லாஸ் வேகாஸ் விடுதி ஒன்றின் முன் நிற்கும், ஏறக்குறைய பாதி உயரமுள்ள நகல்தான் அது. மறு ஆண்டு அஞ்சல்தலை ஆர்வலர்கள் அதைக் கண்டுபிடித்தது உருவத்தின் பருமனை வைத்து அன்று. கிரீடத்தில் மூலச் சிலையில் இல்லாத ஒரு செவ்வகத் துண்டு தெரிந்தது. கண்களின் விளிம்பும் மூலத்தைவிடக் கூர்மையாக இருந்தது. நகலை வடித்த சிற்பி ராபர்ட் டேவிட்சன் வழக்குத் தொடுத்தார். தாம் வடித்த முகம் தம்முடைய படைப்பு என்ற அவருடைய வாதத்தை ஏற்று, 2018-இல் நீதிமன்றம் 35 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்கச் சொன்னது. முகத்தை மட்டும் மிக அருகிலிருந்து எடுத்த அந்தப் படத்தில் அளவைக் காட்டிக்கொடுக்க வேறொன்றும் இருக்கவில்லை.

அப்படியானால் நகலைக் காட்டிக்கொடுப்பவை எவை? நகலோடு சேர்ந்து சுருங்க மறுப்பவை. மனிதன் சுருங்குவதில்லை, ஆகவே அவனுக்காகச் செய்யப்படும் கைப்பிடி, படிக்கட்டு, மின்தூக்கிக் கதவு ஆகியவையும் சுருங்குவதில்லை. இடுப்பளவுக் கைப்பிடியை மூலத்தில் ஒரு மீட்டர் உயரத்தில் வைத்தால், நகலில் அதை அரை மீட்டராகக் குறைக்க முடியாது. குறைத்தால் ஆள் விழுந்துவிடுவார். எனவே பாதிக் கோபுரத்தில் முழுக் கைப்பிடி இருக்கும், கோபுரத்தோடு ஒப்பிட அது இருமடங்கு தடித்துத் தெரியும். நகல்களைப் படமெடுப்பவர் முதலில் தேட வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம்.

சுருங்க மறுக்கும் இன்னொன்று, படமெடுப்பவரின் கண்மட்டம். சமதரையில் ஒருவர் ஒன்றரை மீட்டர் உயரத்தில் கேமராவைப் பிடித்தால், படத்தின் தொடுவானக் கோடு எதிரே உள்ள ஒவ்வொரு பொருளையும் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் வெட்டிச் செல்லும். பாதியளவு நகலில் அந்த இடம் மூலத்தின் மூன்று மீட்டர் உயரத்துக்குச் சமம். அதாவது நின்றபடி எடுத்த படம், பாரிஸில் மூன்று மீட்டர் உயரத்தில் கண்ணுள்ள ஒருவர் பார்த்த காட்சியைப் போன்றது. நகல் மூலத்தைப் போலவே தெரிய வேண்டுமானால் உட்கார்ந்து, கேமராவை 75 சென்டிமீட்டருக்கு இறக்க வேண்டும். தாழ இறங்கியதும் பலர் கேமராவை அண்ணாந்து பிடிக்கிறார்கள். கோபுரம் பின்னால் சாய்வதுபோல் தோன்றுவது அதனால்தான். கேமராவை நிமிர்த்தியே வைத்துப் பின்னால் நகர்வது நல்லது.

இதை வீட்டிலேயே செய்து பார்த்தேன். கன்னியாகுமரிக் கடையில் வாங்கிய, இருபது சென்டிமீட்டர் உயரமுள்ள திருவள்ளுவர் சிலை ஒன்று எங்கள் அலமாரியில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட மூலச் சிலை, பீடத்தோடு சேர்த்து 133 அடி, அதாவது சுமார் 40 மீட்டர். ஆக விகிதம் இருநூறில் ஒன்று. படகில் அமர்ந்து, நீர்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் மேலே கண் இருக்க, நூறு மீட்டரிலிருந்து வள்ளுவரைப் பார்ப்பதாகக் கொண்டால், சிலையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, மேசைக்கு ஒரே சென்டிமீட்டர் மேலே கேமராவின் கண் இருக்க வேண்டும். செல்பேசியை நேராகப் பிடித்தால் இது நடக்காது. தலைகீழாகக் கவிழ்த்து, லென்சு உள்ள முனையை மேசையில் ஊன்றினால் நடக்கும். திரையில் வள்ளுவர் விசுவரூபம் எடுத்து நின்றார். கவிழ்த்ததை நிமிர்த்தி, வழக்கம்போல் மேலிருந்து எடுத்தபோது மீண்டும் பொம்மையாகிவிட்டார்.

அதே மேசையில் பெரிய கேமராவை வைத்துப் பார்த்தால் வேறொரு குட்டு வெளிப்படும். சிலையின் முகம் தெளிவாக இருக்க, பின்னாலுள்ள சுவர் மங்கிக் குழையும். ஒளி நுழையும் துளை அகலமாக இருந்தால், பொருளின் ஒரு புள்ளியிலிருந்து வரும் கதிர்கள் வெவ்வேறு சாய்வில் நுழைகின்றன. குவிமையம் தப்பிய இடத்தில் அந்தப் புள்ளி ஒரு வட்டமாகப் பரவுகிறது. இங்கும் சுருங்காத ஒன்று இருக்கிறது, அது துளையின் அகலம். 25 மில்லிமீட்டர் துளையுள்ள லென்சை இருநூறில் ஒரு பங்கு சிலையின் முன் வைப்பது, மூலச் சிலையை ஐந்து மீட்டர் அகலமுள்ள லென்சால் பார்ப்பதற்கு ஒப்பாகும். அத்தகைய கண் உலகில் யாருக்கும் இல்லாததால், பின்னணி அப்படிக் குழைந்தாலே 'இது சிறிய பொருள்' என்று நம் மூளை முடிவு கட்டிவிடுகிறது. செல்பேசியின் துளை ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர்தான் என்பதால், சிறிய நகல்களுக்கு விலை உயர்ந்த கேமராவைவிட அதுவே ஏற்றது. லாஸ் வேகாஸ் கோபுரத்தைப் பொறுத்தவரை விகிதம் வெறும் இரண்டு. மங்கல் அங்கே கண்ணுக்குத் தட்டுப்படாது.

காற்றும் நீரும்கூட நகலுக்கு இணங்குவதில்லை. பாளையங்கோட்டையிலிருந்து பார்க்கையில் பொதிகை மலை நீலமாகத் தெரிவதற்குக் காரணம், இடையிலுள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புவதே. மேசைச் சிலைக்கும் கேமராவுக்கும் இடையே அத்தனை காற்று இல்லை. நீர்த்துளியின் பருமனைப் பரப்பு இழுவிசை தீர்மானிக்கிறது. குற்றாலப் பேரருவி வெண்மையாகப் புகைவது எண்ணற்ற சிறு துளிகளாக உடைவதால். அதை மூன்று மீட்டர் உயரத்தில் யாரேனும் சிமென்டில் கட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டால், துளிகள் தாமும் அதற்கேற்பச் சிறுத்துக்கொள்ளாமல் பழைய பருமனிலேயே சொட்டும், அருவி குழாய்த் தண்ணீராகத் தெரியும்.

இத்தனையும் சொல்லி முடித்த பிறகு தங்கை அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கி, கோபுரத்தின் பின்னால் நிற்கும் விடுதிக் கட்டடத்தின் சன்னல் வரிசைகளை எண்ணத் தொடங்கினாள். முப்பது வரை எண்ணிவிட்டாள். மாடிக்கு மூன்று மீட்டர் என்றால் தொண்ணூறு மீட்டர். பின்னால் தள்ளி நிற்கும் அந்தக் கட்டடமே படத்தில் கோபுரத்தின் பாதியைத் தொட்டுக்கொண்டிருந்தது. "அப்போ இது முந்நூறு மீட்டர் இருக்க வழியே இல்லைல்லா?" என்று கேட்டுவிட்டு, கோபுரத்தின் காலடியில் நின்று இன்னொரு படம் அனுப்பச் சொல்லி மகனுக்குக் குரல் செய்தி பதிந்தாள்.