ஒரே ஐபி எண்ணில் இரண்டு தளங்கள்: சர்வர் எப்படிப் பிரித்தறிகிறது?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரே ஹோஸ்டிங் கணக்கில் என் புடவைக் கடைத் தளமும் அம்மாவின் சமையல் தளமும் ஓடுகின்றன. பிங் அடித்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே ஐபி எண்தான் வருகிறது. அப்படியானால் ரசம் தேடி வருபவர் முன்னால் புடவை வந்து நிற்பதில்லையே, எப்படி?"

அந்த ஐபி எண்ணை அப்படியே பிரௌசரில் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் ரசமும் வராது, புடவையும் வராது. ஹோஸ்டிங் நிறுவனத்தின் வெற்றுப் பக்கமோ, தளம் அந்தப் பெயருக்குரியதுதான் என்று காட்டும் சான்றிதழ் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கையோதான் வரும். எண் சரி, போய்ச் சேர்ந்த கம்ப்யூட்டரும் சரி. அப்புறம் எது குறைகிறது?

தளத்தின் பெயரைக் கொடுத்தால், இணையத்தின் பெயர்ப் பட்டியலான டிஎன்எஸ் எண்ணைத் தரும், பிரௌசர் அந்த எண்ணுக்கு இணைப்புப் போடும். இதெல்லாம் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது இணைப்பு கிடைத்தவுடன் பிரௌசர் என்ன பேசுகிறது என்பதுதான்.

பிரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைக்கு எச்டிடிபி என்று பெயர். 1996 மே மாதம் ஆவணமாக வெளியான எச்டிடிபி 1.0 விதிப்படி, பிரௌசர் 'கெட் /ரசம்' என்று பக்கத்தின் பாதையை மட்டும் சொன்னால் போதும். எந்தத் தளத்தின் ரசம் என்று சொல்லத் தேவையில்லை. வேடிக்கையைப் பாருங்கள்: பெயரை வைத்துத்தான் எண்ணையே கண்டுபிடித்தது, ஆனால் வாசலுக்கு வந்ததும் அந்தப் பெயரை வாயே திறப்பதில்லை. ஒரு கம்ப்யூட்டரில் ஒரு தளம்தான் இருக்கும் என்று நினைத்திருந்த காலம் அது. திருவல்லிக்கேணியின் பழைய ஸ்டோர் வீடுகளில் ஒரே கதவு எண்ணுக்குள் பத்துக் குடித்தனம் இருக்கும். பெயரில்லாமல் கதவு எண் மட்டும் எழுதிய கடிதம் அங்கே வந்தால் தபால்காரர் யாரிடம் கொடுப்பார்? இதற்கு அன்றைக்கு இருந்த தீர்வு, ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐபி எண். ஐபிவி4 என்ற பழைய எண் முறையில் இருப்பதே சுமார் 429 கோடி எண்கள்தான். கையிருப்பில் இருந்த கடைசி ஐந்து பெரும் தொகுதிகளும் 2011 பிப்ரவரியில் பங்கிடப்பட்டுவிட்டன. பழைய வழக்கமே தொடர்ந்திருந்தால் இன்னும் முன்பே தீர்ந்திருக்கும்.

மாற்றியது ஒரே ஒரு வரி. 1997 ஜனவரியில் வந்த எச்டிடிபி 1.1 அதைக் கட்டாயமாக்கியது. சில பிரௌசர்கள் அதற்கு முன்பே அதை அனுப்பத் தொடங்கியிருந்தன.

கெட் /ரசம் எச்டிடிபி/1.1
ஹோஸ்ட்: சமையல்.உதாரணம்

இந்த இரண்டாவது வரிதான். முப்பது எழுத்துகூட வராது. இது இல்லாமல் 1.1 கோரிக்கை வந்தால் சர்வர் 400 என்ற பிழை எண்ணைக் காட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். வரி இருந்தால், அதிலுள்ள பெயரைத் தன் பட்டியலில் தேடும். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் அந்தப் பட்டியலின் ஒவ்வொரு பதிவுக்கும் வெர்ச்சுவல் ஹோஸ்ட் என்று பெயர். இந்தப் பெயர் வந்தால் இந்த ஃபோல்டர், அவ்வளவே. பெயர் எதிலும் பொருந்தாவிட்டால் பட்டியலில் முதலில் இருப்பதைக் கொடுத்துவிடும். நீங்கள் வெறும் எண்ணை அடித்தபோது வந்தது அதுதான்.

சர்வர் அந்த வரியை அப்படியே நம்புகிறது என்பதுதான் எனக்கு இன்னும் ரசமான விஷயம். தளத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றுகிறவர்கள், டிஎன்எஸ்ஸைத் தொடுவதற்கு முன்பே, டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன் கம்ப்யூட்டர் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பில் தளத்தின் பெயருக்கு நேராகப் புதிய எண்ணை எழுதிவைத்துச் சோதித்துக்கொள்கிறார்கள். வரியில் பெயர் சரியாக இருந்தால் போதும், புது சர்வர் பக்கத்தைக் கொடுத்துவிடும். நம் கல்லூரிகளில் நெட்வொர்க்கின் ஏழு அடுக்குகளை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அதில் ஒரு வகுப்பைக் குறைத்து இந்த இரண்டு வரிகளைக் கையால் அடித்து அனுப்பச் சொன்னால் மாணவர்களுக்கு எவ்வளவோ புரியும்.

பேச்சைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் பழைய சிக்கல் தீரவில்லை. பேச்சைப் பூட்டுவதற்கு முன்பே சர்வர் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். ஆனால் ஹோஸ்ட் வரி பூட்டிய பேச்சுக்குள் வருகிறது. யாருடைய சான்றிதழைக் காட்டுவது? 2003-இல் வந்த எஸ்என்ஐ என்ற நீட்டிப்பு, பிரௌசர் தன் முதல் வணக்கத்திலேயே பெயரைச் சொல்லிவிட வழி செய்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு அது கடைசிவரை தெரியாது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் நின்றது. அதுவரை பணம் வாங்கும் தளங்கள் தனி ஐபி வாங்கிக்கொண்டதில் நியாயம் இருந்தது. எஸ்என்ஐக்கு ஒரு குறையும் உண்டு: அந்தப் பெயர் திறந்தபடியே போவதால் நடுவில் இருப்பவர்கள் படிக்கலாம், அதைப் பார்த்தே தளத்தை முடக்கவும் செய்யலாம். அதையும் மூடிவைக்கும் முறை இப்போதுதான் பரவி வருகிறது.

தனி ஐபி இருந்தால் கூகுளில் மேலே வரலாம் என்று இன்றும் விற்கிறார்கள். அது வெறும் மூடநம்பிக்கை. எண்ணின் கூட்டுத்தொகை பார்த்து வாங்கும் நாள் வராமல் இருந்தால் சரி.

சரி, ஒரே கணக்கில் இரண்டு தளம் வைக்கலாமா? வைக்கலாம், இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொண்டு. சமையல் தளத்தின் ஃபோல்டர் புடவைத் தளத்தின் ஃபோல்டருக்குள் இருந்தால், புடவை முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் அந்த ஃபோல்டரின் பெயரும் போட்டாலே ரசம் எட்டிப்பார்க்கும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். இன்னொன்று பெரியது. பெயர் பார்த்துப் பிரிப்பது வாசலில் மட்டும்தான் நடக்கிறது. உள்ளே, இரண்டு தளமும் பொதுவாக ஒரே லினக்ஸ் பயனரின் பெயரில்தான் ஓடுகின்றன. அம்மாவின் தளத்தில் அப்டேட் செய்யாமல் விட்ட பிளகின் ஒன்றின் வழியாக ஒருவன் நுழைந்தால், கடைத் தளத்தின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் கோப்பையும் அவனால் திறந்து படிக்க முடியும். கடையில் பணப் பரிவர்த்தனை இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு எடுத்துவிடுங்கள். ஐபி எண் அதே எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை.