பாவசங்கீர்த்தனம்: சொல்லும் அதற்கேற்ற தமிழும்

தமிழ்க் கத்தோலிக்க இல்லங்களில் முதியவர்கள் இன்றும் ‘பாவசங்கீர்த்தனம் செய்தல்’ என்றே சொல்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பில் அதையே ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்று படிக்கிறார்கள். செய்த தவறுகளைக் குருவின் முன் வாய்விட்டுச் சொல்லி, இறைவனின் மன்னிப்பைப் பெற்று, பழைய வாழ்வின் பிடியிலிருந்து விடுபடும் ஒரே திருச்சடங்குக்கு வழங்கும் பெயர்கள் இவை. ஆயினும் முன்னது மனிதர் செய்யும் செயலைக் குறிக்கிறது. பின்னது அச்செயலின் வழியே இறைவன் நிகழ்த்துவதைக் குறிக்கிறது.

சங்கீர்த்தனம் என்றதும் நம் நினைவுக்கு வருவன மிருதங்கமும் தாளமும் பஜனையும்தான். பாவத்துக்கும் பாட்டுக்கும் என்ன உறவு என்று கேலியாகக் கேட்பவர்களும் உண்டு. வடமொழியில் ‘கீர்த்’ என்னும் வினையடிக்கு எடுத்துரைத்தல், பெயர் சொல்லிக் கூறுதல், புகழ்தல் ஆகிய பொருள்கள் உள்ளன. ‘சம்’ என்னும் முன்னொட்டு முழுமையைச் சுட்டும். எனவே பாவசங்கீர்த்தனம் என்பது, பாவங்களில் எதையும் ஒளிக்காமல் முழுவதும் எடுத்துரைத்தலே ஆகும். புகழ்தல் என்னும் மற்றப் பொருள் இங்கே தற்செயலாக ஒட்டிக்கொண்டது என்றுதான் தோன்றும். ஆனால் விவிலிய மொழிகளைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடுகிறது.

எபிரேயத்தில் ‘ஓதே’ என்னும் வினைவடிவம் 9ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் ‘துதிப்பேன்’ என்று பொருள்படுகிறது. அதே வடிவம் 32ஆம் சங்கீதத்தின் 5ஆம் வசனத்தில் ‘என் மீறுதல்களைக் கர்த்தருக்கு அறிக்கையிடுவேன்’ என்று பொருள்படுகிறது. கிரேக்கத்தில் ‘எக்ஸொமொலொகெயோ’ என்னும் வினையும் இவ்வாறே இரண்டு பொருளையும் தாங்குகிறது: யோர்தான் ஆற்றங்கரையில் மக்கள் தங்கள் பாவங்களை அறிக்கையிட்டதைக் கூறும் மாற்கு நற்செய்தியிலும், இயேசு தம் தந்தையைப் புகழ்வதைக் கூறும் மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்திலும் அதே வினைதான் வருகிறது. இலத்தீனின் ‘கொன்ஃபெஸ்ஸியோ’வும் அப்படித்தான். ஹிப்போ நகரின் ஆயராக இருந்த அகுஸ்தீனார் தம் இளமைக் காலப் பிழைகளை எடுத்துரைத்த நூலுக்கு அச்சொல்லின் பன்மையையே பெயராக வைத்தார். ஆனால் அந்நூல் தொடங்குவது பிழைகளோடு அன்று, ‘ஆண்டவரே, நீர் பெரியவர், மிகுந்த புகழுக்கு உரியவர்’ என்னும் வாழ்த்தோடுதான். தன் பாவத்தை மன்னிப்பவரிடமே ஒருவன் சொல்லும்போது, அவனுடைய குற்றத்தைச் சொல்லும் சொல்லே அவருடைய இரக்கத்தைப் போற்றும் சொல்லாகவும் ஆகிவிடுகிறது. சங்கீர்த்தனம் என்னும் சொல்லைத் தேர்ந்தவர் இதையெல்லாம் எண்ணித்தான் தேர்ந்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேலிக்குரிய சொல் அது அன்று.

இச்சடங்கு தமிழில் அச்சேறிய காலம் வியப்பூட்டுவது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைக் குருவான என்றீக்கஸ் அடிகளார் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் மறைக்கல்வி நூலை வெளியிட்டார், இரண்டே ஆண்டுகளில், 1580இல், பாவங்களை ஆராய்ந்து சொல்வதற்கு வழிகாட்டும் நூல் ஒன்று கொச்சியில் அச்சாயிற்று. அதன் பெயர் ‘கொம்பெசியொனாயரு’. போர்த்துகீசியச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் பெயர்த்த பெயர் அது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தெ நொபிலி, இத்தகைய ஒலிபெயர்ப்புகளை விடுத்து வடமொழிச் சொற்களால் கிறித்தவக் கலைச்சொற்களை அமைக்கும் வழியை வலுப்படுத்தினார். பாவசங்கீர்த்தனம், பச்சாத்தாபம், அருட்சாதனத்தைக் குறிக்கும் தேவதிரவிய அனுமானம் போன்றவை அந்த நடைக்கு உரியவை.

சீர்திருத்தச் சபையினர் ‘அறிக்கையிடுதல்’ என்றனர். ஞாயிறு ஆராதனையில் சபையார் அனைவரும் சேர்ந்து சொல்வதும் பாவ அறிக்கையே. ‘நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்’ என்னும் யோவானின் வசனத்தால் இச்சொல் தமிழ்க் கிறித்தவர்களின் நாவில் நிலைத்துவிட்டது. தெளிவான தமிழ்தான், ஆயினும் அறிக்கை என்றால் இன்று செய்தித்தாள் படிப்பவருக்கு அமைச்சரின் அறிக்கையும் வானிலை அறிக்கையும் முதலில் தோன்றுகின்றன. மேலும், அறிவித்தல் என்பது கேட்பவர் அறியாததை அவருக்குத் தெரிவித்தல். இறைவனுக்குத் தெரியாத பாவத்தை யார் தெரிவிக்க முடியும்?

அவ்வசனத்தின் கிரேக்க வினை ‘ஹொமொலொகெயோ’. ‘ஹொமோ’ என்பது ஒன்றாதலையும், ‘லொகொஸ்’ என்பது சொல்லையும் குறிக்கும். மற்றவர் சொல்வதோடு ஒத்துச் சொல்லுதல் என்பதே அதன் அடிப்பொருள். தன் செயலை இறைவன் என்னவென்று காண்கிறாரோ, அதையே சாக்குப்போக்கின்றித் தானும் சொல்வது. இதற்குத் தமிழில் வீட்டிலும் வழக்குமன்றத்திலும் ஏற்கெனவே புழங்கும் சொல் உண்டு: ஒப்புக்கொள்ளுதல். ஒப்பு என்பதும் ஒத்திருத்தலே. மூன்று சொற்களுள் மூலத்துக்கு மிக நெருங்கியது இதுவே என்பது என் கருத்து.

ஒப்புரவு என்னும் சொல்லும் அதே அடியில் பிறந்தது. திருக்குறளின் 22ஆம் அதிகாரம் ‘ஒப்புரவறிதல்’. அங்கே அது கைம்மாறு கருதாமல் ஊருக்கு உதவி, உலகத்தோடு ஒத்து வாழ்தலைக் குறிக்கிறது. கிறித்தவ வழக்கில் அது பிளவுபட்டவர் மீண்டும் இணைதல் என்னும் பொருளைப் பெற்றது. ‘முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து’ என்று பழைய தமிழ் விவிலியம் கூறுகிறது. கத்தோலிக்கத் திருச்சபை இச்சடங்கின் முறையை 1973இல் புதுப்பித்தபோது, குற்றங்களின் பட்டியலைக் காட்டிலும் உறவு திரும்புதலே முன்னிறுத்தப்பட்டது. அந்தக் கண்ணோட்டத்துக்கு ஒப்புரவு மிகப் பொருத்தமான பெயர். ஆனால் ‘ஒப்புரவு செய்தேன்’ என்றால், வாய்திறந்து பாவத்தைச் சொன்ன கடினமான பகுதி சொல்லிலிருந்து நழுவிவிடுகிறது. எனவே சடங்கு முழுவதற்கும் ஒப்புரவு என்றும், அதனுள் நிகழும் செயலுக்குப் பாவங்களை ஒப்புக்கொள்ளுதல் என்றும் எழுதுவதே தெளிவு.

கிடைக்கும் விடுதலையைச் சொல்லும் சொற்களும் பல. கிரேக்க ‘அஃபெசிஸ்’ என்பது விட்டுவிடுதல். லூக்கா நற்செய்தியில் சிறைப்பட்டவர்களின் விடுதலைக்கும் பாவ மன்னிப்புக்கும் அந்த ஒரே சொல்தான். குரு சொல்லும் இலத்தீன் வாய்பாட்டின் ‘அப்சொல்வோ’வுக்கு ‘கட்டவிழ்க்கிறேன்’ என்பது நேர்ப்பொருள். தமிழ்ச் செபங்களோ ‘பாவப் பொறுத்தலை விசுவசிக்கிறேன்’ என்றன. பொறுத்தல் என்பது சுமத்தல் அல்லவா, விடுதலை எங்கே என்று ஐயுறலாம். எபிரேயத்தில் மன்னித்தலைக் குறிக்கும் வினைகளுள் ஒன்றான ‘நாசா’வும் தூக்குதல், சுமத்தல் என்றே பொருள்படும், ஒருவன் சுமந்த பாரத்தை மற்றொருவர் தம் தோளில் ஏற்கும்போது முதலாமவன் விடுபடுகிறான். சிலுவையைப் பற்றிய கிறித்தவ நம்பிக்கை முழுவதும் இந்தப் ‘பொறுத்தல்’ என்ற சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. அதை ‘மன்னிப்பு’ முற்றாக விலக்கிவிட்டது எனக்கு வருத்தமே.

மாற்றியே தீர வேண்டிய பழஞ்சொல் ஒன்று உண்டென்றால், அது ‘அபராதம்’. பாவங்களை நினைத்தல், மனஸ்தாபப்படுதல், இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்தல், குருவிடம் சொல்லுதல், அவர் கொடுக்கும் அபராதத்தைத் தீர்த்தல் என்று ஞானோபதேச வகுப்பில் ஐந்து படிகளாகக் கற்பித்தார்கள். வடமொழியில் அபராதம் என்பது குற்றம்; தமிழில் அது குற்றத்துக்குச் செலுத்தும் தண்டத்தொகை. போக்குவரத்துக் காவலரிடம் கட்டுவதைக் குறிக்கும் அதே சொல்லை இங்கும் கேட்பவர், மன்னிப்புக்கு விலை கொடுப்பதாகவே எண்ணுவார். வழக்கமான முறையில் குரு மன்னிப்பு வழங்கிய பின்னரே அது நிறைவேற்றப்படுகிறது. அது ஒரு செபமாகவோ, பறித்ததைத் திருப்பித் தருவதாகவோ, பகைத்தவரிடம் சென்று பேசுவதாகவோ இருக்கலாம். ‘பரிகாரச் செயல்’ என்று இப்போது எழுதுகிறார்கள். அதிலும் சோதிடரின் சாயல் சற்று ஒட்டியிருக்கிறது. ‘ஈடுசெய்தல்’ என்பது இதனினும் நேரானது.