சான்று வந்தால் வழக்கு நிற்காது

கண்ணாடியிழைக் கேபிளில் ஓடும் ஒளியை இரண்டாகப் பிரிக்க ஒரு சின்ன ஸ்ப்ளிட்டர் போதும். மின்சாரம்கூட வேண்டாம். சரிபாதியாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 3 டெசிபெல் குறையும். மெயில் அனுப்பியவருக்கு எதுவும் தெரியாது. சான் பிரான்சிஸ்கோவில் 611, ஃபோல்சம் தெருக் கட்டடத்தில் இப்படித்தான் இணையப் போக்குவரத்தின் நகல், அமெரிக்க அரசின் ஒட்டுக்கேட்பு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமைக்காக, 641ஏ என்ற பூட்டிய அறைக்குப் போனது என்று ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் முன்னாள் டெக்னீஷியன் மார்க் க்ளைன் 2006-இல் ஆவணங்களோடு சொன்னார்.

வாரன்ட் இல்லாத இந்தக் கண்காணிப்புக்கு உதவியதாக அந்த ஆண்டு ஜனவரியிலேயே வாடிக்கையாளர்கள் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டிருந்தார்கள். பல நிறுவனங்கள் மீதான இத்தகைய வழக்குகள் ஒரே நீதிபதியிடம், வான் வாக்கரிடம், சேர்ந்தன. ஒட்டுக்கேட்புச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்ட ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 டாலர் அல்லது மொத்தமாக 10,000 டாலர், எது அதிகமோ அதை நீதிமன்றம் விதிக்கலாம். பத்து லட்சம் சந்தாதாரர் என்றால் 1,000 கோடி டாலர். நிறுவனங்கள் நடுங்கியது இந்தக் கணக்குக்குத்தான்.

இத்தனைக்கும் நிறுவனங்களுக்கான பாதுகாப்பு பழைய சட்டத்திலேயே இருந்தது. நீதிமன்ற உத்தரவோ, 'வாரன்ட் தேவையில்லை, சட்ட நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறியுள்ளன' என்ற அட்டர்னி ஜெனரலின் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) எழுத்துச் சான்றோ கையில் இருந்தால் நிறுவனத்தைத் தொட முடியாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அரசிடமிருந்து நிறுவனங்களுக்குப் போன கடிதங்களோ வேறு மாதிரி. அதிபர் அனுமதித்தார், அட்டர்னி ஜெனரல் சட்டப்படியானது என்று முடிவுசெய்தார் என்றன அவை. 60 நாளுக்கும் குறைவான காலத்துக்கான ஒரே ஒரு கடிதத்தில் மட்டும் அப்படி முடிவுசெய்தவர் அதிபரின் சட்ட ஆலோசகர் என்று செனட் உளவுக் குழுவின் 2007 அறிக்கை சொல்கிறது.

2008 ஜூலை 10-இல் கையெழுத்தான திருத்தம், அயல்நாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தில் சேர்த்த 802-ஆம் பிரிவு இந்த ஓட்டையை அழகாக அடைத்தது. 'சட்டப்படியானது என்று முடிவுசெய்யப்பட்டது' எனக் கடிதத்தில் இருந்தால் போதும். முடிவுசெய்தது யார் என்று கேட்காது. செயப்பாட்டு வினைக்கு இதைவிடப் பெரிய வேலை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நடைமுறை இதுதான். ஐந்து காரணங்களில் ஒன்றைக் காட்டி அட்டர்னி ஜெனரல் நீதிமன்றத்தில் சான்று தருவார். நீதிபதி பார்ப்பது அந்தச் சான்றுக்குப் போதிய ஆதாரம் உண்டா என்பதை மட்டும். கண்காணிப்பு சட்டப்படியானதா என்பதை அல்ல. ஐந்தாவது காரணம் 'நிறுவனம் உதவவே இல்லை' என்பது. தேசப் பாதுகாப்புக்குக் கேடு என்று அரசு சொல்லிவிட்டால், எந்தக் காரணத்தால் வழக்குத் தள்ளுபடியானது என்பதைத் தீர்ப்பில்கூட எழுதக் கூடாது. ஆக, உதவிய நிறுவனமும் உதவாத நிறுவனமும் வெளியே ஒன்றுபோலவே தெரியும்.

2009 ஜூன் 3-இல் வாக்கர் வழக்குகளைத் தள்ளுபடி செய்தார். 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஆமோதித்தது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது.

இந்தப் பிரிவு நிறுவனங்களைத்தான் காத்தது, அரசை அல்ல. ஜூவல் என்ற வாடிக்கையாளரும் மற்றவர்களும் அரசின் மீது 2008 செப்டம்பரில் தொடுத்த வழக்கு, அரசு ரகசியம் என்ற வேறொரு சுவரில் மோதி 2022 வரை இழுத்து, தோற்றது.