ஃபிரெட்டர்னிட்டி: சகோதரத்துவம் அல்ல, மாணவர் குழாம்

“கல்லூரிக்குப் போன முதல் மாதமே அவன் ஒரு சகோதரத்துவத்தில் சேர்ந்தான்.” 1950-களின் அமெரிக்கக் கல்லூரிக் கதை எது தமிழுக்கு வந்தாலும் இந்த மாதிரி வாக்கியம் தப்பாமல் வந்துவிடுகிறது. ஃபிரெட்டர்னிட்டி என்ற மாணவர் அமைப்பைத்தான் இப்படிப் பெயர்க்கிறார்கள். சகோதரத்துவம் என்பது பண்பு. பண்பில் எப்படிச் சேர்வது? அதற்குச் சமையல்காரரும் மாதச் சந்தாவும் எப்படி இருக்கும்?

வேர் எளிது. இலத்தீனில் ஃபிராட்டர் என்றால் உடன்பிறந்தான். வடமொழிச் சகோதரனும் ஒரே வயிற்றில் பிறந்தவன்தான். அகராதியைப் பார்த்தால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும், சறுக்குவதே அங்கேதான். பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கத்துக்குச் சகோதரத்துவம் சரி. அமெரிக்கக் கல்லூரியிலோ ஃபிரெட்டர்னிட்டி என்பது ஓர் அமைப்பின் பெயர். 1776-இல் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பா, கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. அது பிறகு படிப்பில் சிறந்தவர்களுக்கான கௌரவச் சங்கமாகிவிட்டது. 1825-இல் யூனியன் கல்லூரியில் தோன்றிய கப்பா ஆல்ஃபாவின் வழிவந்தவையே கதைகளில் வருபவை.

இண்டியானாவின் கிரீன்காசில் ஊரில் உள்ள டிபா போன்ற சிறிய பல்கலைக்கழகத்தில், அந்தக் காலத்து மாணவர்களில் பெரும்பாலோருக்கு இந்த அமைப்புகளின் வீடுகளே இருப்பிடம். மாடியில் படிக்கும் அறைகள்; கூரையடியில் வரிசையாக அடுக்குக் கட்டில்கள்; உணவுக்கூடம், சமையல்காரர், வாராவாரம் கூட்டம். விடுதி என்று மட்டும் சொன்னால் போதாது. விடுதியைக் காலி செய்தால் தொடர்பு முடிந்தது. இதில் உறுப்பினர் என்பது ஆயுளுக்கும். சங்கம் என்றால் மாலையில் கூடிக் கலைவது போலிருக்கும். இவர்கள் அங்கேயே தின்று தூங்குகிறவர்கள்.

இன்னொன்று, எல்லோரையும் அணைப்பது சகோதரத்துவம். இது ஆளைப் பொறுக்கி எடுக்கும் இடம். ஒருவரைச் சேர்ப்பதா என்று பெட்டிக்குள் உருண்டை போட்டு ரகசியமாக வாக்களிப்பார்கள். வெள்ளை உருண்டை சம்மதம், கறுப்பு மறுப்பு. பல வீடுகளில் ஒரே ஒரு கறுப்பு உருண்டை விழுந்தாலே கதவு சாத்தியாயிற்று. வெள்ளையருக்கு மட்டும் என்று விதியே எழுதிவைத்த அமைப்புகளும் உண்டு. 1948-இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் ஃபை கப்பா சை கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டது. தேசியத் தலைமை அந்தக் கிளையையே விலக்கியது. “சகோதரத்துவம் கிளையை விலக்கியது” என்று தமிழில் எழுதிப் பாருங்கள். ஒன்று வாசகர் குழம்புவார், இல்லையென்றால் ஆசிரியர் கிண்டல் செய்கிறார் என்று நினைப்பார்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘உடன்பிறப்புக் கழகம்’ என்கிறார்கள். வடமொழி போனது சரி, பிழை போகவில்லை. தவிர, கலைஞரின் கடிதங்களுக்குப் பிறகு உடன்பிறப்பும் கழகமும் ஒரே வரியில் வந்தால் நம் ஊர்க்காரருக்குக் கட்சிக் கிளைதான் கண்ணில் படும்.

மாணவர் குழாம் என்பதே பொருந்தும். அடியார் குழாம் என்பதில் உள்ள அதே குழாம்: கூட்டம் மட்டுமல்ல, உள்ளே ஏற்கப்பட்டவர்களின் கூட்டம். வீட்டைச் சொல்லும்போது குழாம் இல்லம். பெண்களுக்கான அமைப்பு சொராரிட்டி; அதற்கு மாணவியர் குழாம் என்றால் முடிந்தது. ‘சகோதரித்துவம்’ என்று நாக்கைச் சுளுக்கிக்கொள்ள வேண்டாம்.

சொல் ஒன்று தடம் புரண்டால் பின்னால் வருகிற பெட்டிகளும் சரியும். ரஷ் என்பது ‘நெரிசல்’ அல்ல, ஆள்சேர்ப்பு வாரம். பிளெட்ஜ் என்று ஓர் ஆளைச் சொன்னால் ‘உறுதிமொழி’ ஆகாது: அவன் சில மாதம் தரை துடைத்து, தொலைபேசி எடுத்து, தீக்குச்சி எரிந்து முடிவதற்குள் கிரேக்க நெடுங்கணக்கை ஒப்பித்துக் காட்ட வேண்டிய புதியவன். முதல் பருவத்தில் மதிப்பெண் குறைந்தால் சேர்ப்புச் சடங்கும் தள்ளிப்போகும். அரசு ஊழியருக்குத் தகுதிகாண் பருவம் என்று நாமே சொல்லவில்லையா? அவன் தகுதிகாண் உறுப்பினன். உடையில் குத்திக்கொள்ளும் ‘பின்’ விஷயம் இன்னும் மோசம். குழாமின் சின்னம் பொறித்த தன் பின்னை ஒருவன் காதலிக்குக் கொடுப்பான், அவள் அதை உடையில் அணிந்துகொள்வாள். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு படி முன்பு. இதை ‘ஊசி குத்தினான்’ என்று பெயர்த்தால் வாசகர் டாக்டரைத் தேடுவார். ‘தன் பின்னை அவளுக்கு அணிவித்தான்’ என்று விரித்து எழுதினால் என்ன குறைந்துவிடும்?

ஹவுஸ்மதர் என்பதன் பெயர்ப்பாக ‘வீட்டுத் தாய்’ என்று ஓர் அம்மாளும் வருகிறார். யாருக்கும் தாய் அல்ல. சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர், அநேகமாகக் கணவரை இழந்த நடுவயதுப் பெண்மணி. சாப்பாட்டு மேசையில் நடைமுறை பார்ப்பார், விருந்து நாளில் பெண் விருந்தினர் வந்தால் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். வார்டனுக்குக் காப்பாளர் என்ற சொல் நம் விடுதிப் பலகைகளிலேயே இருக்கிறது. இவர் இல்லக் காப்பாளர்.