அடுத்த ஊரின் மணல்

புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மீனவக் கிராமங்களுக்குக் கரையை அளக்கச் செல்லும்போதெல்லாம், கருவிகளை இறக்கி வைக்கும் முன்பே எங்களிடம் கேட்கப்படுவது ஒன்றுதான்: "எங்க ஊருக்கு எப்ப சார் கல்லு கொட்டுவீங்க?" வீட்டுச் சுவருக்குப் பத்தடி தூரத்தில் அலை அடிக்கும்போது அப்படிக் கேட்பதில் தவறேதும் இல்லை. ஆனால் அவர்கள் கரை தேய்ந்ததற்குத் தெற்கே இருக்கும் ஊர்களில் கொட்டிய கல்லும் ஒரு காரணம் என்பதை அங்கே நின்று சொல்வது எளிதல்ல.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் நீண்ட மாதங்களில் அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்கி மணலை வடக்கே நகர்த்துகின்றன. வாடைக் காலத்தில் அதில் ஒரு பகுதி தெற்கே திரும்புகிறது. கணக்கு முடிவில் ஆண்டுதோறும் சில இலட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கியே செல்கிறது. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபோது இந்த ஓட்டம் தடைபட்டது. தெற்கே வீராம்பட்டினத்தில் மணல் சேர்ந்தது. வடக்கே புதுச்சேரி நகரின் கடற்கரை தேய்ந்து மறைந்து, அந்த இடத்தில் கருங்கற்கள் நின்றன. இது புதிய பாடமும் அல்ல. சென்னைத் துறைமுகம் எழுந்த பிறகு தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரம் கரை அரிக்கப்பட்டதும் இதே விதிப்படிதான்.

கல் சுவர் தன் பின்னால் உள்ள சாலையைக் காப்பாற்றும். முன்னால் உள்ள மணலைக் காப்பாற்றாது. சுவரில் மோதித் திரும்பும் அலை அடிவாரத்தைத் தோண்டுவதால் கற்கள் புதைந்து சரிகின்றன, அவற்றின் மேல் மீண்டும் கொட்ட வேண்டியிருக்கிறது. படகை இழுத்து ஏற்றவும் கரைவலை இழுக்கவும் இடம் இல்லாமல் போகிறது. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பான 'தூண்டில் வளைவு' தன் தெற்குப் பக்கத்தில் மணலைப் பிடித்துத் தரும், உண்மை. ஆனால் அது அடுத்த ஊருக்குப் போக வேண்டிய மணல் என்பதால், அரிப்பு அங்கே இடம் மாறுகிறதே தவிர நிற்பதில்லை. பின்பு அந்த ஊரும் தூண்டில் வளைவு கேட்கும்.

2018-19இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கடலுக்கடியில் ஆப்பு வடிவிலான எஃகுத் தடுப்பு ஒன்றை அமைத்து அலையின் வேகத்தைத் தணித்தது. துறைமுக வாயிலில் தூர்வாரிய மணலும் கரையில் சேர்க்கப்பட்டது. பல ஆண்டுகளாகக் கல் மட்டுமே இருந்த இடத்தில் மக்கள் மீண்டும் மணலில் கால் வைத்தார்கள். அங்கே செல்பி எடுப்பவர்களுள் எத்தனை பேருக்கு அந்த மணல் வந்த கதை தெரியுமோ! என் கணிப்பில், அந்தத் தடுப்பைவிட முக்கியமானது, தேங்கிய மணலை ஆண்டுதோறும் தடையின் வடபுறம் கொண்டு சேர்க்கும் சலிப்பூட்டும் வேலைதான். திறப்பு விழா இல்லாத வேலை என்பதால் அதுவே முதலில் கைவிடப்படுகிறது.

மணல் பின்வாங்கும் ஒவ்வொரு முறையும் அரிப்பு என்று பொருளல்ல. புயல் மாதங்களில் அலை இழுத்துச் சென்ற மணல் கரைக்கு அருகிலேயே கடலடியில் திட்டாகக் கிடந்து, கடல் அமைதியானதும் பெரும்பாலும் திரும்பிவிடும். அடம்பன்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மணல்மேடு அந்த நாட்களுக்கான சேமிப்பு. அதைச் சமன்செய்து விடுதி கட்டுபவர் அந்தச் சேமிப்பையே அழிக்கிறார். ஆகவே ஊரார் கோவில் சுவர் போன்ற அசையாத ஓர் அடையாளத்திலிருந்து நீர்விளிம்பு வரையிலான தூரத்தை, மாதம் ஒருமுறை, ஒரே ஓத (கடல்மட்ட ஏற்ற இறக்க) நிலையில் அளந்து தேதியுடன் எழுதி வைக்கலாம். இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால், பருவம் எடுத்தது எவ்வளவு, நிரந்தரமாகப் போனது எவ்வளவு என்பது பிரிந்து தெரியும். தெற்கே புதிய கட்டுமானம் ஒன்றுக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது, அது தடுக்கப்போகும் மணலை ஆண்டுதோறும் யார், எந்தச் செலவில் வடக்கே அனுப்புவார்கள் என்று அந்தக் கணக்கை வைத்தே கேட்கலாம்.