பனங்கட்டியும் பல்லுக்கு இனிப்புத்தான்

கிளிநொச்சியில் பல் வைத்தியராக இருக்கிறேன். மாதத்தில் நாலைந்து தரமாவது இந்தக் கதை வரும். ஐந்து வயதுப் பேரனுக்குக் கடைவாய்ப் பாற்பற்களில் நாலு சூத்தை. நான் வாய் திறக்குமுன் அம்மம்மா முந்திக்கொள்வார்: "வீட்டிலை சீனியே இல்லை டொக்டர், பனங்கட்டிதான். ரொபியும் நானே தேங்காய்ப்பூ போட்டுக் கிண்டிக் குடுக்கிறனான்."

கடைப் பைக்கற்றை விட வீட்டுப் பலகாரம் நல்லது, அதில் சண்டை இல்லை. ஆனால் பனையோலைக் குட்டானில் வருகிற பனங்கட்டியிலும் பெரும்பகுதி சுக்குரோசுதான், சீனியும் அதேதான். வாய்க்கிருமிக்கு இரண்டும் ஒன்று. இனிப்புப் பட்டவுடன் அது அமிலத்தை உண்டாக்கும். அரைமணி நேரமளவுக்குப் பல்லின் மேற்படை கரையும். பாகில் கிண்டிய ரொபியோ பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு போகாது. பின்னேரம் முழுக்க ஒவ்வொரு துண்டாய்ச் சப்பினால் பல்லுக்கு ஆறுதல் ஏது?

சரி, தேங்காயில் வேறு என்ன செய்யலாம்? என் வீட்டில் செய்வது இது. பாகே வேண்டாம். பாதித் தேங்காயைத் துருவி, எண்ணெய் விடாமல் தாச்சியில் மெல்லிய நெருப்பில் வறுக்க வேண்டும். அகப்பையை வைத்துவிட்டுப் போனைப் பார்த்தால் கருகிவிடும், அனுபவத்தில் சொல்கிறேன். ஈரம் வற்றி, பொன்னிறமாகி, மணம் வரும்போது இறக்குங்கள். ஒரு கை வறுத்த கச்சானை, அதுதான் நிலக்கடலையை, தோல் ஊதி, சூட்டோடு உரலில் இடியுங்கள். எண்ணெய் கசியத் தொடங்கியதும் தேங்காய்ப்பூவையும் ஒரு சிட்டிகை உப்பையும் போட்டு இன்னும் கொஞ்சம் இடித்தால் உருட்டுகிற பதம் வந்துவிடும். பனங்கட்டி சீவிப் போட ஆசையென்றால் இரண்டு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். வறுத்த தேங்காய்க்கே ஓர் இனிப்பு உண்டு; நாக்குப் பழக ஒரு கிழமை பிடிக்கும்.

கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குப் பதிலாக எள்ளு என்று உடனே மாற்றிவிடாதீர்கள், சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கச்சானை முழுசாகக் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும். இடித்தாலும் நன்றாக மசிய இடியுங்கள். வன்னி வெயிலில் இரண்டு நாளைக்கு மேல் வைக்க வேண்டாம்; காறல் மணம் வந்தால் கொட்டிவிடுங்கள்.

கொடுப்பதையும் மத்தியானச் சாப்பாட்டோடு சேர்த்தே கொடுங்கள். அப்புறம் இரவில் புளோரைட் பற்பசையால் நீங்களே துலக்கிவிடுங்கள். நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம்.