விண்டோஸ் மண்ணில் வாழைக்கன்று

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள். அவளுடைய அப்பா மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத் தினமும் செய்தித்தாளில் பார்த்து நோட்டில் குறித்து வைக்கிறவர், முப்பது வருடமாக. டெல்டாவில் தெருவுக்கு ஒருவராவது இப்படி உண்டு. 120 அடியைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு அவர்கள் முகமே வேறு. மகள் அந்த நோட்டுகளையெல்லாம் கணினியில் ஏற்றி, நாளுக்கு ஒரு வரி, தேதி, கமா, அடி என்று ஒரே கோப்பாக்கியிருக்கிறாள். வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12 அன்று எந்தெந்த வருடம் 90 அடிக்கு மேல் தண்ணீர் இருந்தது, குறுவை தப்பித்த வருடங்கள் எத்தனை என்று பார்க்க பாஷ் என்ற கட்டளை மொழியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்.

"சார், காலேஜ் லேபில் உபுண்டு லினக்ஸில் ஓட்டினால் அரை நிமிஷத்தில் முடிகிறது. வீட்டில் விண்டோஸ் லேப்டாப். விண்டோஸில் பாஷ் ஓட்ட உதவும் கிட் பாஷ் போட்டு அதே ஸ்கிரிப்டை ஓட்டினால், டீ போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவி வைத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கிறது. லேபில் இருப்பது என்னுடையதைவிடப் பழைய மெஷின். ஏன் சார்?"

கடையில் கேட்டால் ரேம் பத்தாது என்பார்கள். நண்பர்கள் வைரஸ் என்பார்கள். இரண்டும் இல்லை. ஸ்கிரிப்டை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியையும் எடுத்து, எக்கோவில் கொடுத்து, குழாய் வழியாகக் கட் என்ற கருவிக்கு அனுப்பி, கமாவுக்குப் பின்னால் இருக்கிற எண்ணை மட்டும் நறுக்கி வாங்குகிறாள். பாஷ் பழகுகிற எல்லாரும் முதலில் எழுதுவது இப்படித்தான். லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தில் குழாய் என்பது ஒரு நிரல் துப்புவதை அடுத்த நிரலின் வாயில் ஊற்றுவது. வாய்க்கால் தண்ணீர் மடை மாறிப் பாய்கிற ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அவள் கவனிக்காதது வேறு. எண்ணைத் திருப்பி வாங்க ஒரு துணை பாஷ், குழாயின் இந்த முனையில் எக்கோவுக்கு ஒன்று, அந்த முனையில் கட்டுக்கு ஒன்று என்று ஒரு வரிக்கு மூன்று புதிய செயலிகள் பிறக்கின்றன. (ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத்தான் செயலி என்கிறேன்.) எக்கோ பாஷின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிற கட்டளைதான். ஆனாலும் குழாயில் மாட்டினால் அதற்கும் ஒரு தனிப் பிறப்பு.

30 வருடம், வருடத்துக்கு 365 வரி என்றால் 10,950 வரிகள். மூன்றால் பெருக்கினால் 32,850 பிரசவங்கள். ஒரு பிரசவத்துக்கு ஒரு மில்லி வினாடி என்று வைத்தால் 33 வினாடி, லேப் கணக்குக்குச் சரி. ஒரு பேச்சுக்கு அதையே 20 மில்லி வினாடி என்று வைத்தால் 657 வினாடி. பதினோரு நிமிடம், டீ, டம்ளர் எல்லாம் அதற்குள் அடங்கும். ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: விண்டோஸில் பிரசவம் ஏன் இவ்வளவு கஷ்டம்?

யூனிக்ஸில் ஒரு செயலி இன்னொன்றைப் பெற்றெடுக்கும் முறைக்கு ஃபோர்க் என்று பெயர். அது வாழைக்கன்று முறை. பூவன் மரத்தின் கிழங்கிலிருந்து கிளம்பும் பக்கக்கன்று பூவன்தான். தாய்க்கு இருப்பதெல்லாம் அதற்கும் இருக்கும். வாழைக் கன்று சின்னதாக வந்து பிறகு வளர வேண்டும், இது அப்படியுமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பாஷ் ஃபோர்க் என்று ஒரு அழைப்பு விடுகிறது. அழைப்பு திரும்பும்போது அங்கே இரண்டு பாஷ்கள் நிற்கின்றன. அதே மாறிகள், அதே திறந்த கோப்புகள், நிரலின் அதே வரி. ஒரே ஒரு வித்தியாசம், குழந்தைக்கு விடையாக 0 கிடைக்கும், தாய்க்குக் குழந்தையின் எண் கிடைக்கும். அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் யார் தாய், யார் பிள்ளை என்று அவையே தெரிந்துகொள்கின்றன.

1969 வாக்கில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் பிடிபி-7 என்ற சிறிய இயந்திரத்தில் யூனிக்ஸை எழுதத் தொடங்கினார். அதில் ஃபோர்க்குக்குச் சரியாக 27 வரி அசெம்பிளி மொழி நிரல்தான் தேவைப்பட்டது என்று அவரோடு யூனிக்ஸை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி பின்னாளில் எழுதினார். அந்த இயந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் நினைவகத்தில் இருக்க முடியும்; மற்றவை வட்டில் காத்திருக்கும். வட்டுக்கு எழுதும் வழி ஏற்கெனவே இருந்தது. ஓடுவதை ஒரு முறை வட்டில் எழுதிவிட்டு, அதன் பிறகும் ஓடவிட்டால் இரண்டு பிரதி ஆகிவிட்டது! அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. மல்டிக்ஸ் என்ற பெரிய திட்டத்திலிருந்து நிறுவனம் விலகிக்கொண்ட பிறகு, அவ்வளவாக யாரும் சீண்டாத ஓர் இயந்திரத்தில் நடந்த வேலை இது. நம் ஊர்க் கல்லூரிகளில் நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் 'எதிர்பார்க்கும் பயன்' என்று ஒரு கட்டம் உண்டே, அதில் தாம்சன் என்ன எழுதியிருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இன்றைய லினக்ஸ் அப்படி முழுப் பிரதி எடுப்பதுகூட இல்லை. கூட்டுப் பட்டா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் நிலம் எழுதியாகிவிட்டது. ஆனால் வரப்பு போடவில்லை. இருவரும் அதே வயலைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை பிரிக்க வேண்டிய வேலையே இல்லை. ஒருவன் ஏதோ ஒரு துண்டில் கை வைத்து மாற்றப் போனால், அந்தத் துண்டை மட்டும் அந்த நேரத்தில் பிரித்துக் கொடுத்தால் போதும். நினைவகமும் 4 கிலோபைட் பக்கம் பக்கமாக இப்படித்தான் பிரிகிறது. ஃபோர்க் விரைவாக முடிவதன் ரகசியம், பெரும்பாலான வேலையைச் செய்யாமல் விடுவதுதான்.

இன்றைய விண்டோஸுக்கு அடித்தளமான விண்டோஸ் என்டி 1993-இல் வந்தது. அதை வடித்த டேவ் கட்லர் யூனிக்ஸ் மரபில் வந்தவர் அல்ல, விஎம்எஸ் என்ற வேறோர் இயங்குதளத்தின் மரபுக்காரர். விண்டோஸ் நிரல்களுக்குக் கிடைக்கும் வழி 'கிரியேட்-ப்ராசஸ்'. அது விதை நெல் முறை. எந்த நிரல் வேண்டும் என்று கோப்பின் பெயரைச் சொன்னால், வெறும் நிலத்தில் புதிதாக ஒன்று முளைக்கும். தாயின் நினைவு எதுவும் அதற்கு இருக்காது. இது மட்டமான முறை என்று சொல்ல மாட்டேன். ஃபோர்க்குக்குக் காலம் முடிந்துவிட்டது, புது அமைப்புகளில் அதைக் கைவிடலாம் என்று 2019-இல் ஆய்வாளர்கள் சிலர் கட்டுரையே எழுதினார்கள். ஆனால் பாஷும் மற்ற யூனிக்ஸ் கருவிகளும் வாழைத் தோப்பில் பிறந்தவை. விதை மட்டுமே விளையும் மண்ணில் அவற்றை நடுவது எப்படி?

இங்கேதான் எனக்குப் பிடித்த கட்டம் வருகிறது. 1995-இல் சிக்னஸ் நிறுவனத்தில் தொடங்கியது, யூனிக்ஸ் கருவிகளை விண்டோஸில் ஓடவைக்கும் சிக்வின். மாணவி வீட்டில் ஓட்டும் கிட் பாஷ், சிக்வினிலிருந்து கிளைத்த எம்சிஸ் 2 வழியில் வந்தது. ஆகவே கதை ஒன்றுதான். சிக்வின் ஆவணம் சொல்லும் ஃபோர்க் இப்படி நடக்கிறது.

தாய் பாஷ் முதலில் தன் குடும்பப் பதிவேட்டில் பிள்ளைக்கு ஓர் இடம் ஒதுக்குகிறது. பிறகு கிரியேட்-ப்ராசஸ் மூலம் தன்னுடைய நிரலையே இன்னொரு முறை விதைக்கிறது, ஆனால் ஓடவிடாமல் உறைநிலையில். அடுத்து, தான் நிரலின் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை செட்ஜம்ப் மூலம் பொதுவான ஓர் இடத்தில் எழுதி வைக்கிறது. தன் மாறிகள் இருக்கும் பகுதியை பைட் பைட்டாகப் பிள்ளையின் நினைவகத்தில் கொட்டுகிறது. இப்போது பிள்ளையை எழுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. பிள்ளை கண் விழித்து, 'அட, நான் விதையில் முளைத்தவன் இல்லை, கன்று' என்று பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, தாய் எழுதி வைத்த இடத்துக்கு லாங்ஜம்ப் போட்டுத் தாவுகிறது. தாவியதும் தாய்க்கு ஒரு சைகை; தானும் கண்ணை மூடிக்கொள்கிறது. தாய் தன் நினைவகத்தின் மற்றப் பகுதிகளான ஸ்டாக், ஹீப் இரண்டையும் அதற்குள் ஊற்றிவிட்டுப் பூட்டைத் திறக்கிறது. பிள்ளை மறுபடி கண் திறக்கும்போது, தானே சற்றுமுன் ஃபோர்க் என்று அழைத்துவிட்டு விடைக்காக நின்ற ஞாபகம் அதற்கு இருக்கிறது. கையில் 0.

விதையை நட்டு, முளைத்ததும் அதன் ஒவ்வொரு நாரையும் தாய் மரத்தின் நாராக மாற்றி, 'நீ கன்றுதான்' என்று அதையே நம்பவைக்கிற வேலை. இதைப் பயன்பாட்டுத் தளத்திலிருந்தே, விண்டோஸின் கருவான கெர்னலுக்குள் கை வைக்காமல் செய்திருக்கிறார்கள். இதைவிட அடம்பிடித்த பொறியியலை நான் பார்த்ததில்லை.

சோகமும் இதில்தான். இவ்வளவு பாடுபட்டுப் பிறந்த கன்று அடுத்த கணம் செய்யும் முதல் காரியம், தன்னைத் துடைத்துவிட்டுக் கட் நிரலாக மாறுவது. விண்டோஸில் செயலியின் உடலுக்குள் வேறு நிரலை மாற்றி வைக்கவும் வழியில்லை. அதற்கும் இன்னொரு கிரியேட்-ப்ராசஸ்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாறிகளை நகலெடுக்கும்போது உள்ளே இருக்கும் முகவரிகளும் நகலாகும். 'நெல் வலதுபக்கப் பத்தாயத்தில்' என்று எழுதிய குறிப்பை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோனால், அங்கேயும் பத்தாயம் வலதுபக்கம் இருந்தால்தான் குறிப்பு செல்லும். பிள்ளைச் செயலியில், பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் டிஎல்எல் கோப்புகள் தாயில் இருந்த அதே முகவரியில் அமர வேண்டும். விண்டோஸோ பாதுகாப்புக்காக முகவரிகளைக் கலைத்துப் போடுகிறது. எல்லாச் செயலிக்குள்ளும் தலையை நுழைக்கும் ஆன்டிவைரஸ்கள் வேறு. இடம் மாறினால் ஃபோர்க் தோற்கும். முகவரிகளை மோதாமல் ஒதுக்கிவைக்க 'ரீபேஸ்-ஆல்' என்று ஒரு கட்டளை உண்டு. சிக்வினில் எது கெட்டாலும் முதலில் இதை ஓட்டு என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. ஆயுத பூஜையன்று மானிட்டருக்குக் குங்குமம் வைப்பதைக் கிண்டல் செய்கிற அதே பிள்ளைகள்தான்! குங்குமத்தால் சேதமாவது இல்லை.

விண்டோஸ் கருவுக்கு உண்மையில் ஃபோர்க் தெரியும். முதல் என்டியிலேயே யூனிக்ஸ் வகை நிரல்களுக்கான போசிக்ஸ் துணை அமைப்பு ஒன்று இருந்தது, அதற்காகக் கருவுக்குள் நகலெடுக்கும் வசதி உண்டு. ஆனால் மேலே இருக்கும், வழக்கமான விண்டோஸ் நிரல்களுக்கான வின்32 அடுக்கு அப்படிப் பிறந்த பிள்ளையைத் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. கொல்லையில் கிணறு, கயிறு போட உருளை இல்லை.

2016-இல் மைக்ரோசாஃப்டே இறங்கி வந்தது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வந்தது; அதன் முதல் பதிப்பு லினக்ஸ் நிரல்களின் அழைப்புகளைக் கருவுக்குள்ளேயே மொழிபெயர்த்தது. 2019-இல் அறிவித்த இரண்டாம் பதிப்பு மொழிபெயர்ப்பை விட்டுவிட்டு, ஒரு சிறு மெய்நிகர் இயந்திரத்தில் அசல் லினக்ஸ் கருவையே ஓடவிட்டது. வாழைக்கு ஏற்ற மண்ணை வண்டியில் கொண்டுவந்து கொட்டிய மாதிரி.

ஆகவே, கேளும்மா. ஒன்று, அந்த லூப்பையே தூக்கிவிட்டு 'ஆக்' கருவியில் ஒரே வரியாக எழுது. கமாவில் பிரி, ஜூன் 12-ஆகவும் 90-க்கு மேலாகவும் இருந்தால் அச்சிடு. 32,850 பிரசவம் ஒன்றாகக் குறையும். கிட் பாஷிலேயே ஒரு நொடிகூட ஆகாது. இரண்டு, இப்படி எழுத முடியாத வேலைகளுக்கு டபிள்யூஎஸ்எல் 2 போட்டுக்கொள். ஆனால் கோப்புகளை சி டிரைவில் விட்டுவிட்டு அங்கிருந்து படிக்காதே. இரண்டு உலகங்களுக்கும் நடுவே கோப்புகள் ஒரு நெறிமுறையில் ஏறி இறங்கிப் போவதால் அது மந்தம். லினக்ஸ் பக்கம் இருக்கும் உன் ஹோம் அடைவிலேயே வை.

அங்கே கொண்டுபோனதும் 'பேட் இன்டர்ப்ரிட்டர்' என்று ஒரு பிழையும் கூடவே தொப்பி போட்ட எம் (^M) ஒன்றும் வந்தால் பயப்படாதே. உன் அப்பா காலத்தில் டைப்ரைட்டிங் படித்த யாரையும் கேள்: வரி முடிந்ததும் உருளையை வலப்பக்கம் தள்ளுவது ஒரு வேலை, தாளை ஒரு வரி ஏற்றுவது இன்னொரு வேலை. விண்டோஸ் வரிமுடிவில் இந்த இரண்டையும் இரண்டு குறிகளாக எழுதுகிறது. யூனிக்ஸ் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். மிஞ்சிய முதல் குறிதான் அந்த எம். டாஸ்-டு-யூனிக்ஸ் என்ற கருவியை நிறுவி, ஸ்கிரிப்டின் மீது ஒரு முறை, நீர்மட்டக் கோப்பின் மீது ஒரு முறை ஓட்டிவிடு.